ஊசி தாவிய இடம்

என் மகனுக்கு,

கிள்ளானிலிருந்து அம்மா எழுதுகிறேன். பயப்படாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. உன் அப்பா நன்றாக இருக்கிறார், இப்போதுகூட வாசலில் நின்று லோரியின் டயரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இருக்கிற சுங்கை பூலோவுக்கும் கிள்ளானுக்கும் என்ன பெரிய தூரம், வீட்டில் போன் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வரத்தான் போகிறேன், பிறகு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். நேரில் சொன்னால் என்ன நடக்கும் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும். நான் பேசிக்கொண்டே போவேன். நீ "சரிம்மா" என்பாய். நான் இன்னும் கொஞ்சம் பேசுவேன். நீ இன்னொரு "சரிம்மா" சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். கடிதத்துக்கு யாரும் "சரிம்மா" சொல்ல முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் தேவி வந்திருந்தாள். கல்யாணப் புடவைக்கு ரவிக்கை அளவு கொடுக்க வந்தவள், அளவு எடுத்து முடித்த பிறகும் போகாமல் என் தையல் மெஷின் பக்கத்திலேயே நின்றாள். என்னம்மா என்று கேட்டேன். "அத்தை, அவரு என்கிட்ட ஒன்னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு தெரியல" என்றாள். சொல்லு என்றேன். "கல்யாணத்துக்கு முன்னாடி உனக்குத் தெரியணும், நான் ஒரு கோழைன்னு சொன்னாரு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஏதோ பாட்டுப் போட்டியாம். அவரு செஞ்ச தப்பை நீங்க உங்க மேல போட்டுக்கிட்டீங்களாம். 'அம்மா பேச ஆரம்பிச்சதும் நான் உட்கார்ந்துட்டேன். அன்னைக்கு உட்கார்ந்தவன்தான். நாளைக்கு உனக்கு ஒன்னுன்னாலும் நான் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன், நல்லா யோசிச்சிக்க'ன்னு சொன்னாரு."

"யோசிச்சியா?" என்று கேட்டேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு அத்தை? எனக்கு அவரைத் தெரியாதா? ஆனா சொல்றப்ப அவரு முகத்தைப் பார்க்க முடியல" என்றாள்.

அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. கை அதுபாட்டுக்குத் துணியை வெட்டியது, மனம் எங்கேயோ இருந்தது, பிறகு பார்த்தால் ரவிக்கையின் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியிருக்கிறேன். உன் வயிற்றில் ஏதாவது வலி என்றால் உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவள் நான். உன் மனதில் இவ்வளவு காலம் இப்படி ஒரு பாரம் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அழுகையாக வந்தது. நீ கோழை இல்லை, ராஜா. அது எனக்குத் தெரியும் என்று சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நடந்ததை உன்னைவிட நன்றாகப் பார்க்கக்கூடிய இடத்தில் நான் இருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தேவியும் படிக்கட்டும், உன் அப்பாவும் படிக்கட்டும். தேவிக்கு எங்கள் கடையைத் தெரியாது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் அப்பா அப்போது போர்ட் கிள்ளானுக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஷிப்டு வேலை. பகலில் தூங்குகிற மனிதனை வைத்துக்கொண்டு வீட்டில் மூச்சுவிடக்கூட முடியாது. கொஞ்சம் வெளியே இருக்கலாம் என்றுதான் கிள்ளான் டவுனில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன இடம் பிடித்து இசைத்தட்டு வாடகைக் கடை வைத்தேன். அந்தக் காலத்தில் ரெக்கார்ட் பிளேயர் எப்படியாவது ஒரு வீட்டுக்கு வந்துவிடும். அக்காள் கல்யாணத்துக்கு யாராவது கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் வேலையை விட்டுப் போகிற துரை விட்டுவிட்டுப் போயிருப்பார். அதில் போடத்தான் தட்டு இருக்காது. எங்கள் கடையில் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் தட்டை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு ஒவ்வொரு பாட்டிலும் ஊசியை வைத்துக் கொஞ்சம் ஓட்டுவேன். அதனால் இந்த மலாயாவில் ஓடிய தமிழ்ப் பாட்டு அத்தனைக்கும் எனக்கு ஆரம்பம் தெரியும். முடிவு கேட்டால் முழிப்பேன். உன் அப்பா அதை வைத்து என்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறார்.

சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தோம். "தயவுசெய்து டேப்பில் பதிவு செய்யாதீர்கள்" என்று நீதான் எழுதினாய், உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால். அதைப் படிக்காதவர்கள் இல்லை, அதன்படி நடந்தவர்களும் அதிகம் இல்லை. அந்த அட்டையின் கீழேயே நின்றுகொண்டு, "அக்கா, கீறல் இல்லாததா கொடுங்க, போன தடவை டேப்ல கொரகொரன்னு வந்திருச்சு" என்று கேட்ட புண்ணியவான்கள் உண்டு. எனக்குத் தெரியும், அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். கப்பலில் வேலை செய்கிற புருஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருத்தி டேப் எடுத்தாள். கடலுக்கு நடுவில் இசைத்தட்டு சுற்றுமா, பாவம், போகட்டும் என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒருவன் தட்டுகளை அள்ளிக்கொண்டு போய்ப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் டேப் போட்டு விற்றான். அவனைக் கடை வாசலில் நிறுத்தி நான் கேட்ட கேள்வியில் எதிர்ச் சீனர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் செய்ததும் ஒரே காரியம்தானே என்று நீ அன்றைக்கே கேட்டாய். இன்றைக்கும் எங்கே கோடு போடுவது என்று கேட்டால் நான் திணறத்தான் செய்வேன்.

ஆனால் என் வீட்டுக்குள் எனக்குக் கோடு தெளிவாக இருந்தது. தட்டுகளைத் தருவித்து மொத்தமாக விற்றவர் காதர் அண்ணன். பிரிக்ஃபீல்ட்ஸில் கடை. வாடகைக் கடைகளுக்குத் தட்டு கொடுக்கவே மற்ற ஏஜென்ட்டுகள் யோசித்தபோது அவர் எனக்குக் கொடுத்தார். "வாடகைக்கு விடுங்கக்கா, வாணாங்கல. கேக்கறவன் கேட்டுட்டுப் போறான். ஆனா உங்க கையால டேப்புல ஏத்தாதீங்க. அது என் வயித்துல மட்டும் அடிக்கல, பாடினவங்க, பிடில் வாசிச்சவங்க எல்லார் வயித்துலயும் அடிக்குது" என்றார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியத்துக்காக உன் அப்பாவுக்குக்கூட நான் ஒரு டேப் எடுத்துக் கொடுத்ததில்லை. லோரியில் கேசட் பிளேயர் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். "ஊரே உன் கடைத் தட்டுல டேப் எடுக்குது, கட்டின புருஷன் மட்டும் காப்பார் வரைக்கும் ரேடியோவுல நியூஸ் கேட்டுக்கிட்டே போகணுமா லா?" என்று கத்துவார். கேளுங்கள், உலக விஷயம் தெரியும் என்பேன்.

இப்போது அந்தத் தட்டுக்கு வருகிறேன். ஒரு புதுப்படத்தின் தட்டு வந்தது. படம் இன்னும் நம் பக்கம் வரவில்லை, ரேடியோவிலும் போட ஆரம்பிக்கவில்லை. அதில் ஒரு பெண் மழையைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. ஆரம்பம் மட்டுமே தெரிந்த நான் முடிவு வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு அது ஒன்றுதான். வாடகைக்கு விடவே மனமில்லாமல் கடையில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒருநாள் தூசி தட்டுகிறேன் என்று புடவைத் தலைப்பால் துடைத்தேன். வளையலில் ஊக்குக் கோத்து வைக்கிற பழக்கம் எனக்கு இருந்ததே, அந்த ஊக்கு சர்ரென்று இழுத்துவிட்டது. போட்டுப் பார்த்தால் இரண்டாவது சரணத்தில் ஊசி தாவுகிறது. ஒரு வரி முழுதாகப் போய்விட்டது. தப்பித் தவறிக்கூட இரைச்சல் இல்லை, ஒரு வரியிலிருந்து அதற்கு அடுத்த வரிக்கு அலுங்காமல் குதிக்கிறது. தெரியாதவன் கேட்டால் பாட்டே அப்படித்தான் என்பான். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இனி இதை வாடகைக்கு விட முடியாது என்று பின்னறை அலமாரியில் தள்ளி வைத்துவிட்டேன்.

அந்தத் தட்டைத்தான் நீ எடுத்தாய். ஏன் எடுத்தாய் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தேவி என்னென்னவோ நினைப்பாள். உன் வகுப்பில் படித்த குமரனின் சித்தப்பா மகள் செல்வி, காப்பாரில் இருந்தாள். அவள் அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் பாட்டுப் போட்டி, அதில் புதுப்பாட்டு பாடினால் எடுபடும், எப்படியாவது ஒரு டேப் எடுத்துக் கொடுடா என்று குமரன் உன்னிடம் கெஞ்சியிருக்கிறான். நீயும் நான் இல்லாத நேரத்தில் பிளேயரையும் டேப் ரெக்கார்டரையும் ஒயரால் இணைத்து, பாட்டை ஓடவிட்டுவிட்டு, பந்து விளையாடத் திடலுக்குப் போய்விட்டாய். திரும்பி வந்து டேப்பை எடுத்துக் கொடுத்தாய். இதெல்லாம் குமரன் பிறகு ஒருநாள் வந்து அழாத குறையாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைக் கேட்டபோது எனக்கு உன் மேல் கோபம் வந்தது உண்மை. டேப் எடுத்ததற்குக்கூட அவ்வளவு இல்லை. கேட்டுப் பார்க்காமல் கொடுத்தாயே, அதற்குத்தான். ஒருவருக்கு ஒன்று கொடுக்கிறோம் என்றால் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டாமா? கல்யாணம் ஆன பிறகும் இதை நினைவில் வை. தேவியிடம் ஒன்று சொல்வதற்கு முன் அதை நீயே ஒரு தடவை கேட்டுப் பார்த்துக்கொள்.

போட்டியன்று உன்னையும் அழைத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். நீயும் குமரனும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தீர்கள். நடுவர்கள் மூன்று பேர். பரிசு கொடுப்பவர் என்ற முறையில் காதர் அண்ணன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சிலோன்காரர், சங்கீதம் முறையாகப் படித்தவர், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். மூன்றாவது ஆள் நான். பாட்டுக் கடை வைத்திருக்கிறவளுக்குப் பாட்டு தெரியும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். மேடை ஓரத்தில் சபையைப் பார்த்தாற்போல எங்களுக்கு மேசை போட்டிருந்தார்கள். அதனால்தான் உன் முகம் எனக்கு நேரே இருந்தது.

செல்வி வந்தாள். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய ஜடை, பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து. என் மழைப் பாட்டை ஆரம்பித்ததும் எனக்கு மனம் பூரித்துப் போயிற்று. என்ன குரல் அது! சபை அப்படியே அடங்கிவிட்டது. இரண்டாவது சரணம் வந்தது. அவள் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவினாள். ஹார்மோனியக்காரர் ஒரு பக்கம் போனார், தபேலாக்காரர் இன்னொரு பக்கம் நின்றார், அவள் மட்டும் தடுமாறாமல் பாடிக்கொண்டே போனாள். மறந்தவள் தடுமாறுவாள், ராஜா. அவள் தடுமாறவில்லை. அந்தத் தாவல் உலகத்தில் ஒரே ஒரு தட்டில்தான் இருந்தது, அது என் வளையல் ஊக்கு போட்டது.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர், "பிள்ளை, நல்ல சாரீரம். ஆனா ஒரு வரியை விட்டிட்டீர், தாளம் குறையுது" என்றார்.

"இல்ல சார், பாட்டே அப்படித்தான்" என்றாள் செல்வி.

சபையில் சிரிப்பு கிளம்பியது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். காதர் அண்ணன் நல்ல மனிதர், அவளை நோகடிக்காமல்தான் சொன்னார்: "இல்லம்மா, அந்தப் பிளேட்டை இங்க கொண்டாந்ததே நான்தான். நடுவுல ஒரு வரி இருக்கு. மறந்துட்டா மறந்துட்டேன்னு சொல்லு, பரவால்ல."

"மறக்கல சார். நான் கேட்டதுல இப்படித்தான் இருந்துச்சு."

கீழே இருந்து அவள் அப்பா எழுந்துவிட்டார். "பெரியவங்க சொல்றாங்க, எதிர்த்துப் பேசாத. மன்னிப்புக் கேளு" என்றார். "நான் பொய் சொல்லலப்பா, டேப்ல இப்படித்தான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். காதர் அண்ணன் முகம் மாறியது. "டேப்பா? இந்தப் பாட்டுக்கு டேப்பே வரலையே. யாரு எடுத்துக் கொடுத்த டேப்பு?" என்று கேட்டார். அவள் குமரன் இருந்த பக்கம் பார்க்கக்கூட இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, யாரையும் காட்டிக்கொடுக்காமல் நின்றாள்.

இப்போது நான் எழுதப்போவதை நிதானமாகப் படி. நான் உன்னைப் பார்த்தேன். உன் இரண்டு கையும் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தன. நீ எழுந்துவிட்டாய். முழுதாக நிமிரவில்லை, ஆனால் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாய். குமரன் உன் சட்டையைப் பிடித்து இழுத்தான், நீ அவன் கையைத் தட்டிவிட்டாய். உன் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. உன் வாய் திறந்திருந்தது. இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். அத்தனை பேர் முன்னால், காதர் அண்ணன் முன்னால், மீசை முளைக்காத நீ சொல்லியிருப்பாய்.

நான் உன்னை முந்திக்கொண்டேன். "நான் கொடுத்த டேப்பு, காதர் அண்ணே. என் கடைத் தட்டு. அதுல கீறல் இருக்கு, அந்த இடத்துல ஊசி தாவும். பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். சொல்லிக்கொண்டே உன்னை ஒரு பார்வை பார்த்தேன். விருந்தாளிகள் இருக்கும்போது நீ இன்னொரு வடைக்குக் கை நீட்டினால் பார்ப்பேனே, அந்தப் பார்வை. நீ உட்கார்ந்தாய்.

தேவியிடம் நீ என்ன சொன்னாய்? "அம்மா பேச ஆரம்பிச்சதும் நான் உட்கார்ந்துட்டேன்." மடப்பயலே, உட்கார வேண்டுமென்றால் முதலில் எழுந்திருக்க வேண்டாமா? உட்கார்ந்தே இருந்தவன் எப்படி உட்காருவான்? உட்கார்ந்ததை மட்டும் இத்தனை வருஷம் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாய். எழுந்தது உன் நினைவிலேயே இல்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் என் வாழ்க்கையில் உன்னைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்ட நிமிஷம் வேறு இல்லை, அவ்வளவு பயந்த நிமிஷமும் இல்லை. என் பிள்ளையைப் பார்த்து இந்த மண்டபம் சிரிக்கும், திருடன் என்பார்கள், தாங்க மாட்டான் என்றுதான் தோன்றியது. நீ தாங்குவாயா மாட்டாயா என்று யோசிக்க நான் உனக்கு இடமே கொடுக்கவில்லை. உன் அப்பா என்னை முந்திரிக்கொட்டை என்று சொல்வது சும்மா இல்லை.

மிச்சம் உனக்குத் தெரியும். விட்டுப்போன வரி என்னவென்று மாஸ்டர் கேட்க, தகரத்தைத் தேய்த்ததுபோன்ற என் குரலில் நான் அதைப் பாடிக் காட்டினேன். சிரிக்காத ஆள் இல்லை, செல்விகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளை மறுபடியும் பாடச் சொன்னார்கள். முழுப் பாட்டையும் பாடினாள். முதல் பரிசு வேறு யாருக்கோ போயிற்று, ஆனால் அவளைப் பொய்க்காரி என்று இனி யாரும் சொல்ல முடியாது. அவள் கீழே வந்ததும் அவள் அப்பா அவள் தலையில் கை வைத்தபடியே நின்றார். அதைப் பார்த்தபோது நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன்.

சில நாள் கழித்துக் காதர் அண்ணன் கடைக்கு வந்தார். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. "அக்கா, நீங்க எடுத்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டீங்க. இனிமே உங்களுக்குப் பிளேட் கொடுத்தா மத்தவங்க என்னைக் கேப்பாங்க லா" என்றார். அவர் பேச்சில் தப்பு சொல்ல முடியாது. புதுத் தட்டு வருவது நின்றது. பழையதை வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டினேன், பிறகு கடையைக் கொடுத்துவிட்டுத் தையலுக்குத் திரும்பினேன். கடை போனதற்கு நீதான் காரணம் என்று நீ நினைத்திருப்பாய் என்று தேவி சொன்ன பிறகுதான் எனக்கு உறைக்கிறது. கேள், கடையை நான் விட்டதற்கு நான்தான் காரணம். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. எப்படியும் எல்லோரும் கேசட்டுக்குப் போய்விட்டார்கள், என் கடை எத்தனை நாள் நின்றிருக்கும்?

நான் வருத்தப்படுவது வேறு ஒன்றுக்கு. அன்றைக்குப் பிறகு நீ பேச்சைக் குறைத்துக்கொண்டாய். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமை அடித்தேன். நீ விட்ட இடத்தை எல்லாம் நான் நிரப்பினேன். உன் தலைமையாசிரியர் உன்னிடம் கேள்வி கேட்டால் நான் பதில் சொன்னேன். வேலைக்குப் போகும்போது அந்த முதலாளியிடம் நானே வந்து பேசினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், நம் இரண்டு பேருக்கும் என் ஒரு வாயே போதும் என்று நினைத்தேனோ என்னவோ. பெண் பார்க்கப் போன அன்றுகூட, தேவியின் அப்பா "தம்பி என்ன சொல்றீங்க?" என்று உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். "எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று யார் சொன்னது? நீ தரையைப் பார்த்துச் சிரித்தாய். உனக்கு வெட்கம் என்று எல்லோரும் நினைத்தோம். நல்லவேளை, தேவிக்கு உன் கண்ணைப் படிக்கத் தெரிந்திருக்கிறது.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு, நீ சொல்ல வேண்டியதை உன் வாயிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன். உன்மேல் இருக்கிற ஆசையில்தான் செய்தேன், ஆனாலும் அது தப்புதான். என்னை மன்னித்துக்கொள், ராஜா. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை, ஆனால் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறதே என்று கஷ்டமாக இருக்கிறது.

இன்னும் ஒரு விஷயம். செல்வி இப்போதும் காப்பாரில்தான் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். கோயில் திருவிழாவில் அவள்தான் பாடுகிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டின் முறுக்கோடு வந்து, "ஆன்டி, அன்னைக்கு நீங்க மட்டும் எழுந்து சொல்லலைன்னா அதுக்கப்புறம் நான் மேடையே ஏறியிருக்க மாட்டேன்" என்பாள். நானும் வாங்கிக்கொண்டு சிரிப்பேன். அவளைப் பொறுத்தவரை குமரனுக்கு அந்த டேப்பை எடுத்துக் கொடுத்தவள் நான், எழுந்து சொன்னவளும் நான். நீ அன்று மண்டபத்தில் இருந்தாய் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

அவளுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டும். நான் போவதாக இருந்தேன், மஞ்சள் தடவிக் கவரில் பெயரும் எழுதி வைத்துவிட்டேன். இப்போது அதை இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே வர வேண்டாம். தேவியை அழைத்துக்கொண்டு காப்பாருக்குப் போ. செல்வியிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தரலாமா என்று எனக்குக் கை துறுதுறு என்கிறது. எழுத மாட்டேன். அது உனக்குத் தெரியும், அன்றைக்கே தெரிந்திருந்தது.

கூட வருகிறீர்களா என்று உன் அப்பாவிடம் கேட்காதே, என்னிடமும் கேட்காதே. நான் வந்தால் நான்தான் பேசுவேன்.

உன் அம்மா